பாறையும் படமும் – 11: அடுக்கடுக்காய் ஒரு மலை

சென்ற இதழில் வில்லியம் கிங்கையும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டையும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கில் விட்டு வந்தோம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக இருவரும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை வரைந்து 1864-இல் வெளியிட்ட நூல்தான், கல்வராயன் மலைத்தொடரையும் அதன் கிழக்கே விரியும் கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் பற்றிய முதல் முறையான பாறைக் கணக்கு. கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தலைமலை, தீர்த்தமலை என்று இரும்புக்கல் கிடக்கும் இடங்களை அவர்கள் தொகுதி பிரித்து வைத்தார்கள். இன்றைய பாடநூலைப் புரட்டினாலும் பெரும்பாலும் அதே மலைகள்தான் வருகின்றன.

அங்கிருந்து ஒரு நூற்றாண்டைத் தாண்டி, விண்ணில் சுற்றும் கேமராவுக்கும் கணினித் திரைக்கும் வருகிறது இந்த அத்தியாயம். அதற்குமுன் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. கனிமம் இருக்கும் இடம் தெரிந்தும் தோற்றுப்போன ஒருவரின் கதையைச் சொல்லாவிட்டால், செயற்கைக்கோள் இந்த மலைக்கு என்ன கொண்டுவந்தது என்பது விளங்காது.

ஹீத் போடாத கணக்கு

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர். அங்கே ஊருக்கு ஊர் மண் உலையில் இரும்பு உருக்குவதைப் பார்த்தார். வேலையை விட்டார், இங்கிலாந்து போய்த் தொழில் கற்றார், திரும்பி வந்து 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். அன்றைய தென்னார்க்காட்டின் மேற்குக் கோடியில் கல்வராயன் மலை, கிழக்குக் கோடியில் கடலோரம் பரங்கிப்பேட்டை. சேலத்துக் காந்தக்கல் வண்டியிலும் நீர்வழியிலுமாக அவ்வளவு தூரம் பயணப்பட்டு உலைக்கு வந்தது.

கல்லில் குறையே இல்லை. பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்து வரைக்கும் போனது. ஆனால் ஒரு டன் இரும்பை உருக்கப் பல டன் மரக்கரி வேண்டும். சுற்றுவட்டக் காடுகள் கரைந்தன, கரி கொண்டுவரும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது, கடன் ஏறியது. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் புது முதலீடு வந்தது. திருவண்ணாமலையிலும் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் புதிய உலைகள் எழுந்தன. 1860-கள் முடிவதற்குள் எல்லாமே அணைந்துவிட்டன.

ஹீத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு வரைபடம்: இரும்புக்கல் எங்கே இருக்கிறது என்பது. காடு எவ்வளவு, வெட்டினால் எத்தனை ஆண்டில் திரும்ப வளரும், உலைக்கும் கல்லுக்கும் காட்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு, வழியில் ஆறு எந்த மாதம் ஓடும், எந்த மாதம் வறளும் என்ற மற்ற வரைபடங்கள் அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வழியும் இல்லை. கனிம வளம் என்பது பாறைக்குள் மட்டுமே இருப்பதில்லை என்ற பாடத்தைத் தென்னார்க்காடு இப்படித்தான் முதல்முறை படித்தது.

அதே பாடத்தை அடுத்துச் சேலம் படித்தது. சேலத்தில் உருக்காலை வேண்டும் என்று 1967 ஜூலையில் தமிழ்நாடு எழுச்சி நாள் கொண்டாடியது. 1970 செப்டம்பர் 16-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைக் கல்லையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இரும்பு செய்யலாம் என்பது முதலில் இருந்த எண்ணம். 1980-களின் தொடக்கத்தில் ஆலை இயங்கத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் அது இருந்தது. கஞ்சமலை அப்படியே நின்றது. எரிபொருளும் செலவும் மறுபடியும் கல்லை வென்றன.

ஏக்கரிலும் சென்ட்டிலும்

1972 ஜூலை 23-இல் அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அதன் ஒரு படம் தரையில் 185 கிலோமீட்டர் அகலத்தைப் பிடித்தது. சேலத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். ஹீத்தின் மாட்டுவண்டிகள் கடந்த உலகம் முழுவதும் ஒரே படத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தியாவிலும் அப்போது வேலை தொடங்கியிருந்தது. விஞ்ஞானி பி.ஆர். பிஷரோட்டி தலைமையில் 1970-ஐ ஒட்டிக் கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, வாடல் நோயைத் தேடியதுதான் இந்தியத் தொலையுணர்வின் அரிச்சுவடி. 1974-இல் ஹைதராபாதில் தேசியத் தொலையுணர்வு முகமை உருவானது. 1988 மார்ச் 17-இல் பைக்கனூர் தளத்திலிருந்து ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற இந்தியச் செயற்கைக்கோள் கிளம்பியது. அதற்குப்பின் நம் மலையை நம் கேமராவே பார்த்தது.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தது? செயற்கைக்கோள் படம் சிறுசிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் பாறை, புல், மரம், நிழல் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகப் பதிவாகும். லேண்ட்சாட்டின் முதல் கேமராவுக்குக் கட்டம் ஏறக்குறைய 79 மீட்டர் சதுரம். நம் நில அளவில் சொன்னால் ஒன்றரை ஏக்கர். ஐ.ஆர்.எஸ். 1ஏ-யின் முதல் கேமராவுக்கு 72.5 மீட்டர், ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். 1995-இல் போன ஐ.ஆர்.எஸ். 1சி-யின் லிஸ்-3 கேமராவுக்கு 23.5 மீட்டர், பதின்மூன்றரை சென்ட். 2005-இல் போன கார்ட்டோசாட்-1 கேமராவுக்கு 2.5 மீட்டர்; 67 சதுர அடி, அதாவது ஒரு சின்ன அறை. ஒன்றரை ஏக்கரிலிருந்து ஓர் அறைக்கு இறங்க 33 ஆண்டு ஆனது.

படம் நுணுக்கமானால் கனிமம் தெரிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மை. ஒன்றரை ஏக்கர் காலத்திலேயே தெரிந்தவை பல உண்டு. அறை அளவு காலத்திலும் தெரியாதவை பல உண்டு.

மேசையில் விரித்த மலை

1980-களில் இந்த வேலை கணினியில் நடக்கவில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மையமும் மாணவர்களைப் பழக்கிய காலம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் படச்சுருளை விரித்து, மேலே ட்ரேசிங் ஷீட்டை ஒட்டி, கூரான பென்சிலால் கோடு இழுப்பார்கள். படத்தின் நிறங்கள் பொய்யானவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவதால் காடெல்லாம் ரத்தச் சிவப்பு, ஏரிகள் கருநீலம், வெட்டிப்போட்ட கல் குவாரி வெளிர் நீலமோ வெள்ளையோ.

அந்த மேசையில் கல்வராயனைப் படிக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது கோடுகள். மலைக்குத் தெற்கே சேலத்திலிருந்து கிழக்கே ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு ஒரு நீண்ட கீறலாகத் தெரியும். வசிஷ்ட நதியும் சேலம் விருத்தாசலம் ரயில் பாதையும் அதில்தான் போகின்றன. பூமியின் மேலோடு பழங்காலத்தில் அறுபட்டு இழுபட்ட வடு அது. மலைக்குள்ளும் ஓடைகள் இயல்பாக வளைந்து போகாமல், திடீரென்று மூலைமட்டம் வைத்தாற்போல் திரும்புகின்றன. அங்கெல்லாம் பாறையில் வெடிப்பு இருக்கிறது என்று பொருள். இந்தக் கோடுகளை நிலவியலார் லினியமென்ட் என்கிறார்கள்.

கோடு இரண்டு வகையில் பயன்பட்டது. வெடிப்பில் தண்ணீர் தங்கும். குடிநீர்த் திட்டங்களுக்காக மாவட்டவாரியாகத் தயாரான நிலத்தடி நீர் வரைபடங்களில் இந்தக் கோடுகளே முதுகெலும்பு. கல்வராயன் அடிவாரத்துக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் முதலில் காட்டியது கனிமத்தைவிடப் போர்வெல் போடத் தகுந்த இடத்தைத்தான். இன்னொரு பயன்: வெடிப்பில் ஏறிய பாறைக்குழம்பு டாலரைட் என்ற கரும்பாறையாக உறைந்தால், சந்தையில் அதுவே கருப்பு கிரானைட்.

விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி வட்டாரங்களில் டாலரைட் சுவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வெடிப்புகளில் ஏறி உறைந்தவை. சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை அகலம். நீளமோ கிலோமீட்டர் கணக்கில். தரையில் நடப்பவருக்கு அங்கங்கே கிடக்கும் கரிய உருண்டைக் குண்டுக்கற்கள் மட்டும் தெரியும். அடுத்த வயலுக்குப் போனால் தொடர்ச்சி அறுந்துபோகும். மேலிருந்து பார்த்தால் அந்தக் குண்டுக்கற்கள் அத்தனையும் ஒரே நேர்கோட்டில் வரிசை பிடித்து நிற்கும். இருபது மீட்டர் அகலச் சுவர் ஒன்றேகால் ஏக்கர்க் கட்டத்துக்குள் தனியாகத் தெரியாது. ஆனால் அதன்மேல் வளரும் புதரின் வரிசையும் அது போடும் மெல்லிய மேடும் காட்டிக்கொடுத்துவிடும். 1978-இல் தொடங்கிய தமிழ்நாடு கனிம நிறுவனமாகிய டாமினும் தனியார் குவாரிக்காரர்களும் வெட்டி ஏற்றுமதி செய்த கருங்கல்லுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கோடுகள் உண்டு.

வெயிலையும் நிழலையும் கழிக்கும் கணக்கு

கோடு பார்ப்பது கண்ணின் வேலை. நிறம் பார்ப்பது கணக்கின் வேலை. கணினி இங்கேதான் உள்ளே வருகிறது.

மலையில் ஒரே பாறை வெயில் பக்கம் பளிச்சென்றும் நிழல் பக்கம் மங்கலாகவும் பதிவாகும். படத்தைப் பார்ப்பவர் இரண்டும் வேறு பாறை என்று ஏமாந்துபோவார். இதற்கு எளிய மருந்து வகுத்தல். வெயில் சரிவில் சிவப்பு ஒளி 80, நீல ஒளி 40 என்று வைத்துக்கொள்வோம். நிழல் சரிவில் சிவப்பு 40, நீலம் 20. சிவப்பை நீலத்தால் வகுத்தால் இரண்டு இடத்திலும் விடை 2. நிழல் கழிந்துவிட்டது, பாறையின் குணம் மிஞ்சியது. இரும்பு துருப்பிடித்த மண் நீலத்தை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்பும். ஆகவே விடை உயர்ந்த இடத்தில் இரும்புத் துரு இருக்கலாம். 1974-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் லாரன்ஸ் ரோவனும் சகாக்களும் நெவாடா பாலைவனத்தில் இந்த வகுத்தல் முறையைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் அதே துறையின் ராபர்ட் ஷ்மிட் பாகிஸ்தானின் சாகாய் மலைகளில் தாமிரம் இருக்கக்கூடிய இடங்களை லேண்ட்சாட் எண்களைக் கொண்டே குறித்தார்.

நெவாடாவும் சாகாயும் மொட்டைப் பாறை. கல்வராயன் அப்படியில்லை. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் மலை. பாறைமேல் மண், மண்மேல் புல், அதன்மேல் மரம். கேமரா பார்ப்பது பெரும்பாலும் இலையைத்தான். ஆகவே இங்கே படத்தின் தேதி முக்கியம். இலையுதிர் காடுகள் மொட்டையாக நிற்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான படங்களைத்தான் பாறை பார்ப்பவர்கள் தேடுவார்கள். நவம்பர்ப் படம் விவசாயத் துறைக்கு ஆகும், இவர்களுக்கு ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கத்து இரும்புக்கல் மேக்னடைட். காந்தத்தில் ஒட்டும் கரும்பொருள். கருப்பு எல்லா ஒளியையும் விழுங்கிவிடுவதால் அதற்கென்று தனி அடையாளம் விழாது. படத்தில் அகப்படுவது அதன் மேல்தோலில் படிந்த துரு. கூடவே கிடக்கும் வெள்ளைக் குவார்ட்சும் சாதாரண ஒளியில் பிடிபடாது. அது பேசுவது வெப்ப அலைகளில். 1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோளில் ஏறிய ஆஸ்டர் கருவி இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. அதில் 14 அலைவரிசை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அண்மை அகச்சிவப்புமாக மூன்று, களிமண்ணையும் சுண்ணாம்பையும் பிரிக்கும் குற்றலை அகச்சிவப்பில் ஆறு, குவார்ட்சைப் பிடிக்கும் வெப்ப அலையில் ஐந்து. ஹீத்தின் உலை இருந்த பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய எஸ். ராஜேந்திரனும் உடன் ஆய்வாளர்களும், ஆஸ்டர் எண்களைக் கொண்டு தென்னிந்தியக் கிரானுலைட் நிலப்பகுதியின் இரும்புக்கல் படுகைகளைப் பிரித்தறிந்து 2011-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் எஸ். சஞ்சீவி அதற்கு மூன்று ஆண்டு முன்னரே, ஒரு கட்டத்துக்குள் கலந்துகிடக்கும் பொருள்களைக் கணக்கால் பிரித்தெடுக்கும் முறையில், பாக்சைட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் தேடிக் காட்டியிருந்தார்.

இந்த ஆய்வுகள் எதுவும் திரையோடு நின்றுவிடவில்லை. கணினி குறித்துக் கொடுத்த இடத்துக்கு ஜிபிஎஸ்ஸும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஒருவர் நடந்துபோக வேண்டும். ஓடைப் படுகையில் கருமணல் படிந்திருக்கிறதா, காந்தத்தைக் காட்டினால் மீசை முளைக்கிறதா, பாறையை உடைத்தால் துருவுக்கு உள்ளே என்ன என்று பார்க்க வேண்டும். அந்தக் கருமணலை அலசி எடுத்துத்தான் பழைய உலைக்காரர்கள் இரும்பு உருக்கினார்கள். கிங்கும் ஃபுட்டும் எல்லா மலையும் ஏறினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் ஏற வேண்டிய மலைகளைச் செயற்கைக்கோள் குறைத்துக் கொடுத்தது. அது செய்த உபகாரம் அவ்வளவுதான். அதுவே பெரிய உபகாரம்.

மாமண்டூர் காட்டிய எல்லை

பழைய தென்னார்க்காட்டில் மாமண்டூர் என்று ஓர் ஊர். பல்லவர் குடைவரைகளுக்குப் பேர்போன மாமண்டூர் வேறு. இது துத்தநாகம், ஈயம், தாமிரம் மூன்றும் கந்தகத்தோடு சேர்ந்து கிடக்கும் மாமண்டூர். நிலவியல் ஆய்வுத் துறை தோண்டிப் பார்த்த இடம். துத்தநாகம் கலந்த கானைட் என்ற கரும்பச்சைக் கனிமம் இங்கே கிடைப்பது உலக அளவில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. கடும் வெப்பத்தில் வெந்த பழம்பாறைகளில் அடிக்கடி துத்தநாகத்துக்கு வழிகாட்டியாக நிற்பது அந்தக் கானைட்.

மாமண்டூர்க் கனிமம் தரைக்குக் கீழே. கந்தகக் கனிமங்கள் மேலே வந்து மழையில் நனைந்தால் பழுப்புச் சிவப்பாகத் துருப்பிடித்து ஒரு தொப்பி போட்டுக்கொள்ளும். அந்தத் தொப்பி பெரிதாக இருந்தால் செயற்கைக்கோள் பார்க்கும். சிறிதாக இருந்தால், அல்லது உழுத செம்மண்ணோடு கலந்துவிட்டால் பார்க்காது. செயற்கைக்கோள் காணும் ஆழம் ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே போக வேண்டுமானால் விமானத்திலிருந்து காந்தப்புலம் அளக்க வேண்டும், ஓடை மண்ணை எடுத்து ரசாயனம் பார்க்க வேண்டும், கடைசியில் துளை போட வேண்டும். நிலவியல் ஆய்வுத் துறை 2001 முதல் நாடெங்கும் சதுரம் சதுரமாக ஓடை மண் எடுத்து நடத்திவரும் தேசிய புவிவேதி வரைபடத் திட்டம் இதன் ஒரு பகுதி.

ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு உண்மையைத்தான் தரும். எல்லாத் துண்டையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் கணினி வரைபடம் வந்தது.

ஒன்றன்மேல் ஒன்று

1960-களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் என்பவருக்கு ஒரு நெருக்கடி. நாடு முழுவதற்குமான மண், காடு, விவசாயம் பற்றிய ஆயிரக்கணக்கான வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஆளும் போதவில்லை, காலமும் போதவில்லை. கணினியை அந்த வேலைக்குப் பழக்கினார். புவித்தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., அப்படிப் பிறந்தது. பாறை ஓர் அடுக்கு, வெடிப்பு ஓர் அடுக்கு, காடு, ஆறு, சாலை, ஊர் ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இந்தப் பாறையும் இந்த வெடிப்பும் சந்திக்கும் இடம் எது, அதில் காட்டுக்கு வெளியே எவ்வளவு, சாலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் எவ்வளவு என்று கேட்டால் கணினி வெட்டிக் கொடுக்கும்.

இந்தியாவில் இஸ்ரோவும் நிலவியல் ஆய்வுத் துறையும் கைகோத்து நடத்திய வசுந்தரா திட்டம் தென்னிந்தியத் தீபகற்பத்துக்கு இதைச் செய்தது. செயற்கைக்கோள் படம், விமானக் காந்த அளவை, பழைய நிலவியல் வரைபடங்கள் மூன்றையும் இணைத்து 1994-இல் வரைபடமாக வெளியிட்டது. நூறு ஆண்டுக்கு மேல் அலமாரிகளில் தனித்தனியாகக் கிடந்த தாள்கள் அப்போதுதான் ஒன்றையொன்று பார்த்தன.

இனி இருப்புக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள கருப்பு கிரானைட் சுவர் படத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழம் வெட்டலாம் என்றால் 2 லட்சம் கன மீட்டர். டாலரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 3. ஆக 6 லட்சம் டன். காகிதத்தில் பெரிய சொத்து. குவாரிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார். அவர் கேட்கும் முதல் கேள்வி, வெடிப்பு எத்தனை அடிக்கு ஒன்று? விரிசல் நெருக்கமாக இருந்தால் ஏற்றுமதிக்கு ஏற்ற பெரிய பிளாக் வராது. நூற்றுக்குப் பதினைந்து தேறினால் 30 ஆயிரம் கன மீட்டர்தான் கல். மிச்சம் 1 லட்சத்து 70 ஆயிரம் கன மீட்டர் கழிவாகக் குவாரி வாயிலில் மலையாகும். விரிசலின் நெருக்கம் செயற்கைக்கோளில் தெரியாது. கல்லின் மேல் நின்று டேப் பிடித்தால் தெரியும்.

இதனால்தான் கனிம இருப்புக்கு மூன்று இலக்கம் கொடுக்கும் ஐ.நா. வகைப்பாட்டை இந்தியச் சுரங்கப் பணியகம் பின்பற்றுகிறது. முதல் இலக்கம் பொருளாதாரம், இரண்டாவது வெட்டி எடுக்கும் சாத்தியம், மூன்றாவது நிலவியல் அறிவு. மூன்றும் உறுதியானால் 111. அதுவே உறுதிப்பட்ட கையிருப்பு. செயற்கைக்கோளையும் மேலோட்டமான கள ஆய்வையும் மட்டும் வைத்துச் சொன்னால் 334. அதாவது கல் இருக்கலாம், எடுக்க முடியுமா தெரியாது, எடுத்தால் கட்டுப்படியாகுமா தெரியாது. செய்தித்தாளில் "பல கோடி டன் கனிமம் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வரும்போது, உள்ளே இந்த மூன்று இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஹீத்தின் சேலத்துக் கல்லுக்கு மூன்றாவது இலக்கம் அப்போதே 1. முதல் இலக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஒரு கிலோமீட்டர் வட்டம்

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமானது. புதிய மாவட்டத்தின் கனிமம் என்றால் நடைமுறையில் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் போகும் கருங்கல், கிரானைட், கிராவல் மண், ஏரி வண்டல் இவைதான். அரசாங்க மொழியில் சிறுகனிமம். வீடும் சாலையும் இவற்றால்தான் எழுகின்றன. தகராறும் இவற்றால்தான் வருகிறது.

2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 2016 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், மாவட்டந்தோறும் கனிம ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும் என்று அறிவித்தது. செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு வந்தது அப்போதுதான். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய சுரங்க அமைச்சகம் தொடங்கிய கண்காணிப்பு முறைமை, குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டருக்குள் நிலம் மாறுகிறதா என்று விண்ணிலிருந்து பார்க்கிறது. கனிமத்தைத் தேடப் பழகிய கண், கனிமம் திருடப்படுகிறதா என்று காவல் காக்கவும் பழகிவிட்டது.

ஆனால் அடுக்குகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. கல்வராயன் போன்ற மலைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, சரணாலயங்களிலிருந்தும் காப்புக்காடுகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதியைத் திருத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி திருத்தி, காப்புக்காடுகளை அந்த விதியிலிருந்து விலக்கியது. கணினியில் இது ஒரு கட்டளை. காட்டு எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அடிவாரப் பாறையெல்லாம் கணக்கிலிருந்து மறையும். வட்டத்தை எடுத்தால் அதே பாறை மறுபடி இருப்புப் பட்டியலில் ஏறும். பாறை ஓர் அங்குலமும் நகரவில்லை. 'வளம்' மட்டும் போய்த் திரும்பி வந்தது.

மலை யாருடையது என்ற அடுக்கு இன்னும் சிக்கலானது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்த கல்வராயன் 1976-இல்தான் அரசு வசம் வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உழும் புன்செயும், கடுக்காயும் புளியும் எடுக்கும் காடும், ஊருக்கு ஊர் நடக்கும் ஒற்றையடித் தடமும் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் உரிமை என்று தெரியாது. தெரிவது வெறும் நிறம். 2006-இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தன் எல்லையைத் தானே குறிக்கும் உரிமையைத் தந்தது. குறித்துக் கொடுத்தால் அதுவும் ஓர் அடுக்கு. குறிக்காத இடம் திரையில் காலியாகத் தெரியும். காலியாகத் தெரியும் இடத்தில்தான் முதலில் குத்தகை விழும். வடக்கே திருவண்ணாமலைக்கு அருகில் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புக்கல் வெட்டத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டக் கிராமங்கள் எதிர்த்து நின்றன. கல் இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காடும் கோயிலும் கிணறும் இருப்பதை ஊரார்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஹீத்துக்கு இல்லாமல் போன வரைபடங்கள் இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு மடிக்கணினிக்குள் இருக்கின்றன. காடு, ஆறு, சாலை, வெடிப்பு, பாறை எல்லாமே. செயற்கைக்கோள் படங்களில் பெரும்பகுதி இலவசம், ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே இந்தக் கருவி அதிகாரியிடமும் குவாரிக்காரரிடமும் மட்டும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்துக் கல்லூரியின் புவியியல் மாணவர் ஒருவர் கிராம சபையோடு உட்கார்ந்தால், மாவட்ட அறிக்கையில் விடுபட்ட அடுக்கை ஒரு கோடையில் வரைந்துவிடலாம். மாவட்ட அறிக்கையின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கருத்து வெறும் மனுவாகப் போவதைவிட வரைபடமாகப் போனால் ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

அடுத்த இதழில் மேற்கே திரும்புகிறோம். சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மேக்னசைட், மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் கனிமம். தேடவே வேண்டியிருக்காத ஒரு கனிமத்தின் வரலாறு எப்படிப் போனது என்று பார்ப்போம்.

(தொடரும்)